முயல் குட்டிக்கு ஈரத் தழை ஆகாது

மழைக்காலத்தில் பால் மறந்த முயல் குட்டிகள் வயிறு உப்பிக் கழிந்து சாவதுண்டு. ரத்தக் கழிச்சல் நோயும் காரணமாகலாம். அதற்குக் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. ஆனால் முதலில் தழைக்கட்டைப் பாருங்கள். ஈரத்தோடு குவித்த தழை சூடேறிப் புளித்துவிடும். காலையில் வெட்டிய தழையை நிழலில் பரப்பி வாடவிட்டு, மாலையில் கூண்டில் வைக்க வேண்டும். முயல் பெரும்பாலும் இரவில்தான் தின்னும்.

வேலிமசால், குதிரைமசால், அகத்தி, கல்யாண முருங்கை ஆகியன நல்ல தழைகள். சவுண்டலை மிகுதியாக இட்டால் அதிலுள்ள மைமோசின் என்னும் நச்சு முடியை உதிர்த்துவிடும். சந்தையில் கழித்த முட்டைக்கோசு இலை காசில்லாமல் கிடைக்கும்தான். ஆனால் அதில் நீரே அதிகம், நார் குறைவு. முயலின் பல் ஆயுள் முழுதும் வளர்வது; நாரை மென்றால்தான் தேயும். எனவே காய்ந்த புல்லும் கலந்து இடுக.

வளர்ந்த முயலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 250 கிராம் பசுந்தழையும் 100 கிராம் அடர்தீவனமும் போதும். முயல் தன் புழுக்கையைத் தின்பதைக் கண்டு, பசி போலும் என்று தழையை அள்ளிப் போடுவோர் உண்டு. அது அதன் இயல்பு. மென்புழுக்கையிலுள்ள பி வைட்டமின்களை அவ்வாறே திரும்பப் பெறுகிறது. புதுத் தழையைப் பழையதோடு கலந்து, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றவும்.