கடல்நீரும் காரின் மின்னுறுப்புக்களும்

நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவகத்திற் பிறந்தோர்க்கு உப்பின் இயல்பை எடுத்துரைத்தல் மிகையெனத் தோன்றலாம். கிணற்றுக் கப்பியையும் கதவுப் பிணைச்சலையும் சைக்கிட் சங்கிலியையும் உப்புக்காற்றுத் தின்பதை நாம் சிறுவயது முதலே கண்டிருக்கின்றோம். எனினும், அண்மைக் காலத்தில் நம் வளவுகளுக்குள் வந்துள்ள புதுவகைக் கார்களின் அகத்தே அவ்வுப்பு எவ்வாறு வேலை செய்கின்றது என்பதைப் பலர் அறியார். அறியாமையால் நேரும் நட்டமோ சிறிதன்று. வாடகைக்கு ஓடும் கார் ஒன்றை நம்பியே அடுப்பெரியும் குடும்பங்கள் நம்மிடையே உள. ஆதலின் இதுபற்றிச் சில கூறுதல் பயனுடைத்தாகும்.

முன்னாளில் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஓடிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய கார்களில் மின்சார வேலை மிகக் குறைவு. விளக்கு, கோண், எஞ்சினை முடுக்கும் கருவி, பொறி உண்டாக்கும் அமைப்பு என்பவற்றோடு அது முடிந்துவிடும். வெள்ளத்தில் நின்றுபோன காரைத் தள்ளிக் கரையேற்றி, பிளக்குகளைக் கழற்றித் துடைத்து வெயிலில் விட்டால், பெரும்பாலும் மறுநாள் அது மீண்டும் ஓடும். இக்காலக் கார்களின் அமைப்பு வேறு. எஞ்சின், தடுப்பு, கதவுப் பூட்டு, குளிரூட்டி ஆகிய ஒவ்வொன்றையும் ஆளுஞ் சிறு கணினிகள் அவற்றுள் உண்டு. இவற்றுட் சில மிகத் தாழ்ந்த இடத்தில் அமைந்துள்ளன. விபத்தின்போது உயிர் காக்கும் எயார்பாக்கை ஆளும் பெட்டி, பெரும்பாலான கார்களில் முன்னிருக்கைகளுக்கு நடுவே தரையிலேயே பொருத்தப்பட்டுள்ளது. ஆசனங்களின் கீழே வயர் இணைப்புக்கள் செல்கின்றன. நம் நாட்டிற் பெருகிய ரொயோட்டா அக்குவாவில் ஹைபிரிட் பற்றரி பின்னாசனத்தின் கீழ் உள்ளது. ஆகவே, காரினுள்ளே கணுக்காலளவு நீர் புகுந்தாலே போதும்; கேடு தொடங்கிவிடும்.

நீர் உட்புகும் வழிகள் மூன்று. முதலாவது வெள்ளம். 2008 நவம்பரில் நிஷாப் புயலும், 2020 டிசம்பரிற் புரெவிப் புயலும் யாழ்ப்பாணக் குடாநாட்டை வெள்ளக்காடாக்கியமை நினைவிருக்கலாம். இரண்டாவது கடல். தாம்போதிகளிற் காற்றோடு வரும் அலைத்துளியும், இறங்குதுறையில் நிறுத்திய காரின்மேற் படியும் உவர்ப்பனியும் இதில் அடங்கும். மூன்றாவது கசிவு. முன்கண்ணாடியின் அடியிலுள்ள வடிகாலை வேப்பஞ்சருகு அடைத்தாலும், குளிரூட்டியின் வடிகுழாய் அடைபட்டாலும், நீர் வெளியேறாது கம்பளத்தின் அடியிலுள்ள பஞ்சிற் சேரும். மேலே உலர்ந்தது போலத் தோன்றினும் கீழே ஈரம் பலநாள் நிற்கும்.

இனி, நீர் செய்யுங் கேடு யாதெனப் பார்ப்போம். தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புக் கரைந்துள்ளது. அதன் கடத்துதிறன் தூய நீரினுடையதிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் மடங்காகும். கணினித் தகட்டிலே செப்புக் கோடுகளுக்கிடையேயுள்ள தூரம் பல இடங்களில் ஒரு மில்லிமீற்றருக்குங் குறைவு. அவற்றினிடையே உப்புநீர் நின்றால் மின்பகுப்பு நிகழும். நீரைப் பகுப்பதற்கு 1.23 வோல்ற்றுப் போதுமாயிருக்க, காரின் பற்றரியோ 12 வோல்ற்றுத் தருகின்றது. நேர்முனையிலுள்ள செம்பு கரைந்து பச்சை நிறக் களிம்பாகும். எதிர்முனையிலிருந்து நுண்ணிய உலோக இழைகள் வளர்ந்து இரு கோடுகளையும் இணைக்கும். சாவியை நிறுத்திவிட்டோமே என்று அமைதியடைதல் கூடாது. மணிக்கூடு, கள்வரை அறிவிக்குங் கருவி முதலியவற்றுக்கு எந்நேரமும் மின்சாரம் சென்றுகொண்டேயிருக்கும். மேலும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுமாறுபோல, வயரின் நுண்கம்பிகளிடையே மயிர்த்துளைத்தன்மையால் நீர் ஏறி, நனையாத இடத்துக்குஞ் செல்லும்.

நீர் உலர்ந்தாலும் உப்பு எஞ்சிநிற்கும். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைக் கடந்தாற் சோடியங் குளோரைட்டு அவ்வீரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடலுப்பிற் கலந்துள்ள மகனீசியங் குளோரைட்டோ அதனினும் மிகக் குறைந்த ஈரத்திலேயே கரையும். நம் தீவகத்துக் காற்றில் இவை முற்றாக உலர்ந்திருக்கும் நாட்கள் அரியன. வெயிலிற் காயவைத்து ஓட்டிய கார் சில கிழமைகளுக்குப் பின் திடீரெனப் பழுதாவதன் காரணம் இதுவே.

2012 ஒக்ரோபரிற் சாண்டிப் புயலின்போது, அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்தில் நின்ற பிஸ்கர் கார்மா என்னும் புதிய கார்கள் 16 கடல்நீரில் மூழ்கிப் பின் எரிந்துபோயின. பெரிய பற்றரி அதற்குக் காரணமன்று. சாதாரண 12 வோல்ற்று மின்சாரம் பெறும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியை உப்பு அரித்தமையே காரணமென அக்கம்பனி அறிவித்தது. 2022இல் இயன் புயலின் பின் புளோரிடாவிற் கடல்நீர் புகுந்த மின்சாரக் கார்கள் சில, நாட்கள் பல கழிந்த பின்னருந் தீப்பற்றின.

ஆகவே, கார் நனைந்தவிடத்துச் செய்யத்தக்கவை இவை. முதலாவதாக, சாவியைத் திருப்பி ஓடுமா என்று பார்த்தலாகாது. எஞ்சினுள் நீர் புகுந்திருப்பின் அதுவும் உடையும். அடுத்து, காரை நீரிலிருந்து அகற்றியபின் 12 வோல்ற்றுப் பற்றரியின் எதிர்முனை வயரைக் கழற்றுக. ஹைபிரிட் காராயின் செம்மஞ்சள் நிற வயர்களையும், எந்தக் காராயினும் எயார்பாக்கின் மஞ்சள் நிற இணைப்புக்களையும், பயிற்சியுள்ளவரன்றிப் பிறர் தொடற்க. கடல்நீர் புகுந்த காரை வீட்டுக்கு அருகே நிறுத்தாது வெளியில் தனியே நிறுத்துக. கம்பளத்தையும் பஞ்சையும் முற்றாக வெளியே எடுத்துக் கழுவுக. திருத்துநர் கழற்றித் தரும் மின்பெட்டிகளையும் இணைப்புக்களையும் நன்னீராற் கழுவி உப்பை நீக்கிய பின்னரே உலர்த்தல் வேண்டும். இங்கே ஒரு தடை உண்டு. நம் கிணறுகள் பலவற்றின் நீர் தானே உவரானது. அதனாற் கழுவுதல் உப்பின்மேல் உப்பிடுதலாகும். சேமித்த மழைநீரோ, பற்றரிக்கு வார்க்கும் வடித்த நீரோ ஏற்றது. பின்னர் மின்விசிறிக் காற்றிற் பலநாள் உலர விடுக.

பழைய கார் வாங்குவோர்க்கும் ஒரு சொல். கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்க. ஆசனத் தண்டவாளத்திற் துருவும், இணைப்புக்களிற் பச்சைக் களிம்பும், இருக்கைப் பட்டியை முழுவதும் இழுத்தபோது சேற்றுக் கறையும் காணப்படின், விலை எவ்வளவு மலிவாயினும் விலகுக. சாவியைத் திருப்பியதும் எயார்பாக் விளக்கு ஒளிர்ந்து அணைகின்றதா எனவுங் காண்க. ஒளிராத விளக்கும் அணையாத விளக்கும் ஒருங்கே ஐயத்துக்குரியன.

கல்லூரியின் ஆய்வுகூடத்தில், உப்புக் கரைசலினுள் இரு செப்புக் கம்பிகளை இட்டு மின்சாரம் செலுத்தி, குமிழிகள் எழுவதை மாணவர் நோக்குகின்றனர். பரீட்சையோடு மறக்கத்தக்க பாடமன்று அது. மழைக்காலம் வருமுன் ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டாரிடம், “நனைந்த காரின் சாவியைத் திருப்பாதீர்கள், முதலிற் பற்றரியைக் கழற்றுங்கள்” என்று சொல்லி வைப்பானாயின், கற்ற கல்வியின் பயனை அவ்வீடு பெறும்.