மனு கொடுத்தாச்சு... வழக்கு எங்கே? எஃப்.ஐ.ஆர் நம்பரைத் தேடும் திருவண்ணாமலை கிராமங்கள்!

திங்கட்கிழமை காலை. திருவண்ணாமலை வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்வு நாள். பட்டா, முதியோர் பென்ஷன், பாதைத் தகராறு என்று வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவே, மஞ்சள் பைக்குள் நாலாக மடித்த காகிதத்தோடு சிலர் நிற்பார்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்துப் பல மாதங்கள் ஆகியிருக்கும். 'கேஸ் போட்டாச்சு' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எந்த கேஸ், என்ன நம்பர், எந்த கோர்ட் என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த மடித்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் அது எஃப்.ஐ.ஆராக இருக்காது. சி.எஸ்.ஆர் ரசீதாக இருக்கும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் போவதுதான் பல குடும்பங்களின் முதல் இழப்பு. 'உங்கள் மனு வந்து சேர்ந்தது' என்பதற்கான அத்தாட்சி மட்டுமே சி.எஸ்.ஆர். அதை வைத்து வழக்கு எதுவும் கோர்ட்டுக்குப் போகாது. எஃப்.ஐ.ஆர் எனும் முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் புலன் விசாரணை தொடங்கும்; அதன் பிரதி மாஜிஸ்திரேட்டுக்கும் போகும். கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா), மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி அனுமதியோடு 14 நாள்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்க இடம் தருகிறது. 14 நாள்கள்தான், 14 மாதங்கள் அல்ல!

எஃப்.ஐ.ஆர் பதிவானால் அதன் பிரதியைப் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ உடனே, இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஜெராக்ஸ் செலவைக்கூட அவர்களிடம் கேட்கக் கூடாது.

ஒரு விபத்தை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி - திண்டிவனம் சாலை செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாகப் போகிறது. இரவும் பகலும் லாரிகளும் பஸ்களும் ஓடுகிற சாலை. அதில் டூ வீலரில் போன ஒருவர் அடிபட்டு இறந்துபோகிறார். குடும்பம் காரியம் முடித்து, அழுது ஓய்ந்து எழுவதற்குள் இரண்டு மாதம் போய்விடும். இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துக்குப் போனால் முதலில் கேட்கப்படுவது எஃப்.ஐ.ஆர்தான். விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனு போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன என்றாலும், அதை நம்பிக் காத்திருப்பது ஆபத்து. அடிபட்டவர் வேறு ஊர்க்காரர், விபத்து நடந்த இடம் வேறு ஸ்டேஷன் எல்லை, சேர்த்த ஆஸ்பத்திரி இன்னொரு ஊர் என்றால் எந்த ஸ்டேஷனில் பதிவாகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே வாரக்கணக்கில் அலைகிறார்கள்.

வீட்டிலிருந்தே பார்க்கலாம்!

இந்த அலைச்சலைக் குறைத்தது, 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஓர் உத்தரவு. யூத் பார் அசோசியேஷன் தொடுத்த வழக்கில், நாடு முழுக்க பதிவாகும் எஃப்.ஐ.ஆர்களை 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. இணைய வசதி சரியில்லாத இடங்களுக்கு 72 மணி நேரம் வரை அவகாசம். பாலியல் குற்றங்கள், போக்சோ, தீவிரவாதம் போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. எதை ஏற்ற வேண்டாம் என்பதை டி.எஸ்.பி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் முடிவு செய்ய வேண்டும்.

அதன்படி, தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் எஃப்.ஐ.ஆர் பார்க்கும் வசதி இருக்கிறது. மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, எஃப்.ஐ.ஆர் எண் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். சி.எஸ்.ஆர் மனுவின் நிலையையும் அங்கேயே பார்க்கலாம். சிக்கல் எங்கே என்றால், எண் தெரிந்தவருக்குத்தான் இந்தக் கதவு சுலபமாகத் திறக்கிறது. அதனால் எண்ணும் தேதியும் எழுதாத எந்தக் காகிதத்தையும் ஸ்டேஷனிலிருந்து வாங்கிக்கொண்டு திரும்பக் கூடாது.

கோர்ட் பக்கம் நிலைமை இன்னும் மேல். இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் அதன் செயலியிலும் மாவட்டத்தையும் கோர்ட் வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, எஃப்.ஐ.ஆர் எண்ணை வைத்தே வழக்கைத் தேடலாம். இந்த மாவட்டத்தில் திருவண்ணாமலை மட்டுமல்ல; போளூர், செங்கம், ஆரணி, செய்யாறு, வந்தவாசியிலும் கோர்ட்டுகள் இருக்கின்றன. ஆகவே உங்கள் ஸ்டேஷன் எந்த கோர்ட்டின் எல்லைக்குள் வருகிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, கோர்ட் அதைக் கோப்பில் எடுத்த பிறகுதான் வழக்கு எண் கிடைக்கும். அதோடு, சி.என்.ஆர் எனும் 16 இலக்க எண் ஒன்றும் கிடைக்கும். அதை ஒருமுறை குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த வாய்தா என்றைக்கு, போன வாய்தாவில் என்ன நடந்தது என்பதற்காக வக்கீல் குமாஸ்தாவுக்கு போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

எண்ணே இல்லையென்றால் பெயரை வைத்துத் தேடலாம். ஆனால், அண்ணாமலையார் ஊரில் அது லேசுப்பட்ட வேலை இல்லை. வீட்டுக்கு ஒரு அருணாசலம், தெருவுக்கு ஒரு அண்ணாமலை. போதாக்குறைக்கு, தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஏற்றும்போது 'ச'வுக்கு ஒருவர் ஒரு எழுத்து போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். இனிஷியல் முன்னால் போகும், பின்னால் வரும். ஓர் எழுத்து மாறினாலும் 'பதிவு இல்லை' என்றுதான் திரை சொல்லும். அதைப் பார்த்துவிட்டு வழக்கே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டு, ஆண்டை மாற்றி மாற்றித் தேடுவதுதான் வழி.

மலைக்கு அந்தப் பக்கம்...

போளூர் வழியாக ஏறினால் ஜமுனாமரத்தூர். ஜவ்வாது மலையின் சின்னச் சின்ன ஊர்களில் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். இங்கிருந்து கூலி வேலைக்கென்று புறப்பட்டுப் போய், செம்மர வழக்கில் ஆந்திரச் சிறையில் அடைபட்டவர்கள் ஏராளம். அவர்களின் வீடுகளுக்கு 'எஃப்.ஐ.ஆர் எங்கே' என்பது வேறு மாநிலம், வேறு மொழி, வேறு எழுத்து சம்பந்தப்பட்ட கேள்வி.

2015 ஏப்ரல் 7. திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் ஆந்திர அதிரடிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள். செம்மரம் வெட்டியவர்கள் கற்களாலும் கோடரிகளாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸில் போனவர்களைப் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றுவிட்டார்கள் என்றனர் குடும்பத்தினரும் மனித உரிமை அமைப்பினரும். இறந்த ஒருவரின் மனைவி நீதிமன்றத்தை நாடியதன் தொடர்ச்சியாக, ஆறு பேரின் உடல்கள் ஐதராபாத் உயர் நீதிமன்ற உத்தரவின்படி மறு பிரேதப் பரிசோதனைக்கு உள்ளாயின. குடும்பத் தரப்புப் புகாரின் பேரில் சந்திரகிரி காவல் நிலையத்தில் கொலை வழக்கும் பதிவானது. கணவனை இழந்த ஒரு கிராமத்துப் பெண் கோர்ட் படியேறியிருக்காவிட்டால், போலீஸ் எழுதிய எஃப்.ஐ.ஆர் மட்டுமே அந்தச் சம்பவத்தின் பதிவாக நின்றிருக்கும்.

இன்றைக்கு அப்படி ஒருவர் பிடிபட்டதாகத் தகவல் வந்தால், குடும்பம் கேட்க வேண்டியது இன்ன ஸ்டேஷனில் இன்ன எண்ணில் பதிவாகியிருக்கிறதா என்பதுதான். கைது செய்யப்பட்டவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும், அதற்கென ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ் 37-வது பிரிவு. கைது விவரத்தை உறவினருக்குச் சொல்ல வேண்டியதும் போலீஸின் கடமை. இ-கோர்ட்ஸில் மாநிலத்தை ஆந்திரா என்று மாற்றினால், அங்குள்ள கோர்ட் வழக்குகளையும் தேடலாம். ஆந்திராவில் பதிவாகும் எஃப்.ஐ.ஆர் தெலுங்கில் இருக்கும் என்பது அடுத்த சுவர். அதைத் தாண்ட ஒரு வக்கீல் வேண்டும்.

எல்லாமே திறந்திருந்தால்?

எதையும் மறைக்கக் கூடாது என்று சொல்லவும் முடியாது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு நேர்ந்த பாலியல் கொடுமையில், மாணவியின் அடையாளத்தோடு எஃப்.ஐ.ஆர் வெளியே கசிந்து, செல்போன்களில் சுற்றியது. பழைய சட்டப் பிரிவுகளிலிருந்து புதிய பிரிவுகளுக்கு மாற்றியபோது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் தரப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ் அதிகாரிகள் கொண்ட குழுவை அமைத்து, எஃப்.ஐ.ஆர் கசிவையும் சேர்த்து விசாரிக்கச் சொன்னது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. கோளாறு இயந்திரத்தில் என்றே வைத்துக்கொண்டாலும், அதை டவுன்லோடு செய்து ஃபார்வேர்டு செய்தவை மனிதக் கைகள்தானே? அதோடு, எஃப்.ஐ.ஆர் என்பது ஒருவர் சொன்ன குற்றச்சாட்டின் பதிவு. அது தீர்ப்பு அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் அதில் இருக்கிறது என்பதற்காக அவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார்.

நகல் வாங்குவது எப்படி?

திரையில் பார்ப்பது தகவலுக்கு மட்டும்தான். இன்ஷூரன்ஸ், மேல்முறையீடு போன்றவற்றுக்குச் சான்றிட்ட நகல் வேண்டும். அதற்கு கோர்ட்டின் நகல் பிரிவில் மனு போட வேண்டும். வழக்கில் சம்பந்தப்படாதவர் கேட்டால் எதற்காக என்று காரணம் சொல்ல வேண்டியிருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி கோர்ட் ஆவணத்தையும் வாங்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. கோர்ட் ஆவணத்தை கோர்ட் விதிகளின்படிதான் வாங்க வேண்டும் என்று குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால், 'என் மனு மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்' என்று காவல்துறையிடம் கேட்க அந்த 10 ரூபாய் மனு நன்றாகவே பயன்படும். 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

இந்த ஊருக்கும் கோர்ட் பதிவுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1930-களில் ரமணாசிரமம் தொடர்பான ஒரு வழக்கில், ரமண மகரிஷியே நீதிமன்றம் நியமித்த கமிஷன் முன் சாட்சியம் அளித்தார். எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர், அதாவது பிரம்மச்சாரியா, கிருகஸ்தரா, சந்நியாசியா என்ற கேள்விக்கு, நான்கையும் கடந்த 'அதியாசிரமம்' என்று அவர் சொன்ன பதிலை பக்தர்கள் இன்றும் பேசுகிறார்கள். வக்கீலின் குறுக்கு விசாரணை கூட சில சமயம் இப்படி ஒரு பதிலைச் சேமித்துவைத்துவிடுகிறது!

புகார் கொடுத்தவர்கள் இன்னொரு தேதியையும் குறித்து வைக்கலாம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்கு 90 நாள்களுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்பது புதிய சட்டத்தின் விதி. ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர் போட மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி எஸ்.பி-க்குத் தபாலில் அனுப்பலாம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினால் ரசீது கையில் இருக்கும். அங்கும் நடக்காவிட்டால், மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். வக்கீல் வைக்க வசதியில்லையே என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்கிறது 1987-ம் ஆண்டு சட்டம். உதவி எண்: 15100. கூப்பிடும் முன் சி.எஸ்.ஆர் ரசீதைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் எண்ணையும் தேதியையும்தான் முதலில் கேட்பார்கள்.