வி. பி. சந்திரசேகர்

வக்கடை பிக்ஷேஸ்வரன் சந்திரசேகர் (ஆகஸ்ட் 21, 1961 – ஆகஸ்ட் 15, 2019) சென்னையில் பிறந்த துடுப்பாட்டக்காரர். தமிழ்நாட்டு அணியின் தொடக்க மட்டையாளர். இந்திய அணிக்காக ஆடியது ஏழு ஒருநாள் போட்டிகள் மட்டுமே. தேர்வாளராகவும் வீரர்களைக் கண்டெடுப்பவராகவும் செய்த பணிக்காகவே பெரிதும் அறியப்படுகிறார்.

ஆட்ட வாழ்க்கை

1987–88இல் எஸ். வாசுதேவன் தலைமையில் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாட்டு அணியில் இவர் இடம்பெற்றிருந்தார். 1954–55க்குப் பிறகு அணி பெற்ற முதல் கோப்பை அது. அடுத்த பருவத்தில், சென்னையில் நடந்த இரானிக் கோப்பைப் போட்டியில் 56 பந்துகளில் சதமடித்தார். முதல்தரப் போட்டிகளில் இந்தியர் ஒருவரின் அதிவேகச் சதம் என்ற சிறப்பை, அசாமின் ராஜேஷ் போராவுடன் இவர் பகிர்ந்துகொண்டார். 2016இல் ரிஷப் பண்ட் 48 பந்துகளில் அதை முறியடித்தார்.

1988 முதல் 1990 வரை ஆடிய ஒருநாள் போட்டிகளில் எடுத்தவை 88 ஓட்டங்கள். பின்னர் கோவா அணிக்கும் ஆடினார். 81 முதல்தரப் போட்டிகளில் 4,999 ஓட்டங்களுடன், ஐயாயிரத்துக்கு ஓர் ஓட்டம் குறைவாக, ஆட்டத்தை முடித்தார்.

தேர்வாளர்

2004இல் தேசியத் தேர்வுக்குழுவில் தென்மண்டல உறுப்பினரானார். அவ்வாண்டு டிசம்பரில் மகேந்திரசிங் தோனி முதன்முறையாக இந்திய அணிக்கு ஆடியபோது தேர்வுக்குழுவில் இவரும் இருந்தார்.

சென்னை சூப்பர் கிங்ஸ்

2008இல் ஐ.பி.எல். தொடங்கியபோது சென்னை அணியின் துடுப்பாட்டச் செயற்பாட்டு இயக்குநரானார். வீரர்களை வாங்க ஒவ்வோர் அணிக்கும் 50 லட்சம் டாலர் வரம்பு இருந்தது. மும்பை, டெல்லி உள்ளிட்ட ஐந்து அணிகளுக்கு ஏலத்துக்கு வெளியே ஒரு 'அடையாள வீரர்' உண்டு. அணியின் மிக உயர்ந்த ஏல விலையைவிட 15 விழுக்காடு கூடுதலாக அவருக்குத் தர வேண்டும். சென்னைக்கு அத்தகைய வீரர் இல்லை.

தோனியின் விலை 15 லட்சம் டாலரை எட்டியபோது இந்த வேறுபாடு கைகொடுத்தது. அதே விலைக்கு மும்பை வாங்கினால் சச்சினுக்கு 17.25 லட்சம் தர வேண்டும்; இருவருக்கே 32.25 லட்சம் போய்விடும். மும்பை விலக, தோனி சென்னைக்கு வந்தார். அவர் தலைமையில் சென்னை பின்னர் ஐந்து முறை கோப்பை வென்றது. பத்ரிநாத், அஸ்வின் போன்ற தமிழ்நாட்டு வீரர்களும் தொடக்க அணியில் இடம்பெற்றனர். அப்போது வெளியே பெரிதாக அறியப்படாத அஸ்வின் 2009இல்தான் ஐ.பி.எல்.லில் களமிறங்கினார்.

பயிற்சியும் தமிழ்நாடு பிரீமியர் லீக்கும்

சந்திரசேகர் சென்னையில் பயிற்சிக்கூடம் நடத்தினார். தமிழ்நாட்டு அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். தமிழில் நேர்முக வர்ணனையும் செய்தார். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் 'வி.பி. காஞ்சி வீரன்ஸ்' அணியின் உரிமையாளராகவும் இருந்தார். 2016இல் தொடங்கிய இந்தத் தொடர் திண்டுக்கல் நத்தத்திலும் திருநெல்வேலி சங்கர் நகரிலும் போட்டிகளை நடத்தியது. தோவாளை, நாகர்கோவில் பக்கத்து இளைஞர்களுக்கு சென்னை ஏறத்தாழ 700 கி.மீ.; சங்கர் நகர் அதைவிடப் பல மடங்கு அருகில். திறமை தேடுவோரின் கண்ணில் படவே தலைநகருக்குப் போக வேண்டியிருந்த நிலையை இது ஓரளவு மாற்றியது.

மறைவு

58ஆம் பிறந்தநாளுக்கு ஆறு நாட்கள் முன்பு, 2019 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் காலமானார்.