போர் வரப்போகும் ஊரில் ஒரு சுற்று!



வானம் இருட்டிக்கொண்டு வந்தால் நம் வீட்டில் என்ன செய்வார்கள்? மொட்டை மாடியில் காயும் துணிகளை எடுப்பார்கள். வற்றல், வடகத்தை உள்ளே கொண்டு வருவார்கள். 'புயல் வருகிறது' என்று செய்தியில் சொன்னால் மெழுகுவத்தி, தீப்பெட்டி, பால் பவுடர் எல்லாம் வாங்கி வைப்பார்கள்.

சரி, 'போர் வருகிறது' என்று சொன்னால்?

அப்படி ஒரு செய்தியைக் கேட்டுக்கொண்டே மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள் ஈராக் நாட்டு மக்கள். 2002-ம் ஆண்டின் கடைசியிலும் 2003-ம் ஆண்டின் தொடக்கத்திலும் நடந்த கதை இது. 'ஈராக் அதிபர் சதாம் உசேன் பேரழிவு ஆயுதங்களை ஒளித்து வைத்திருக்கிறார். அவற்றை ஒப்படைக்காவிட்டால் படையெடுப்போம்' என்று அமெரிக்கா சொல்லிக்கொண்டிருந்தது. பிரிட்டனும் அதன் பக்கம் நின்றது. 2002 நவம்பரில் ஐ.நா. ஆய்வாளர்கள் ஈராக்குக்குத் திரும்பி வந்து, இடம் இடமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டினர் பலர் தலைநகர் பாக்தாத்துக்குப் போனார்கள். பத்திரிகையாளர்கள், டாக்டர்கள், 'போர் வேண்டாம்' என்று சொல்லும் அமைதிக் குழுவினர் என்று பல வகை. 2003 ஜனவரியில் லண்டனிலிருந்து மாடி பஸ்களில் கிளம்பிய ஒரு குழு, பல நாடுகளைக் கடந்து பிப்ரவரியில் பாக்தாத் வந்து சேர்ந்தது! மற்ற பலர், பக்கத்து நாடான ஜோர்டானின் அம்மான் நகரிலிருந்து பாலைவனச் சாலையில் மணிக்கணக்காகக் காரில் வந்தார்கள். தாங்கள் பார்த்ததை அவர்கள் எழுதினார்கள், படம் பிடித்தார்கள். அதையெல்லாம் துணையாக வைத்துக்கொண்டு, நாமும் அந்த ஊரை ஒரு சுற்று சுற்றி வருவோமா?

பேசாத வாய்

முதலில் ஒரு எச்சரிக்கை! அங்கே யாரிடமும் 'போரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்று கேட்டுவிடாதீர்கள். மனதில் இருக்கும் பதில் கிடைக்காது. வெளிநாட்டுப் பத்திரிகையாளர் எங்கே போனாலும் அரசாங்கம் அனுப்பிய ஒருவர் கூடவே வருவார். சுவரில், அலுவலகத்தில், பாடப் புத்தகத்தில் என்று எங்கு பார்த்தாலும் சதாம் உசேன் படம். அவரைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசினால் சிறைதான்; உயிருக்கே ஆபத்து வரலாம்.

2002 அக்டோபரில் 'சதாம் உசேனே அதிபராகத் தொடரலாமா?' என்று ஓட்டெடுப்பு நடத்தினார்கள். முடிவு என்ன தெரியுமா? நூற்றுக்கு நூறு! ஒருவர்கூட 'வேண்டாம்' என்று ஓட்டுப் போடவில்லையாம்! ஒரு வகுப்பில் 40 பேர் இருந்தால்கூட எல்லோருக்கும் ஒரே சாக்லேட் பிடிப்பதில்லை. ஒரு நாடு முழுவதும் ஒரே பதிலா? மக்கள் எவ்வளவு பயந்திருந்தார்கள் என்று இதிலிருந்தே புரிகிறதல்லவா?

வாய் பேசாவிட்டால் போகட்டும். அவர்களுடைய கைகள் என்ன வேலை செய்கின்றன என்று பார்ப்போம். மனதில் இருப்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஜன்னலில் பெருக்கல் குறி

தெருவில் நடந்தால் முதலில் கண்ணில் படுவது ஜன்னல்கள். கண்ணாடியில் மூலைக்கு மூலை டேப் ஒட்டியிருக்கிறார்கள். கணக்கு நோட்டில் போடுகிற பெருக்கல் குறி மாதிரியே இருக்கிறது! எதற்காக?

குண்டு தள்ளி விழுந்தாலும், காற்று பெரிய அலை போலப் பாய்ந்து வரும். அந்த வேகத்தில் ஜன்னல் கண்ணாடி சுக்குநூறாக உடைந்து கத்தி மாதிரி பறக்கும். டேப் ஒட்டியிருந்தால் துண்டுகள் அவ்வளவாகச் சிதறாது. இந்தப் பாடம் பாக்தாத்தின் அம்மாக்களுக்கு மனப்பாடம். 1980-லிருந்து 1988 வரை ஈரானுடன் போர். 1991-ல் அமெரிக்கா தலைமையிலான படைகளுடன் போர். இப்போது வரப்போவது அவர்களுக்கு மூன்றாவது போர்!

தோட்டத்தில் கிணறு

இன்னும் சில வீடுகளில் தோட்டத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். புதையலா? இல்லை, கிணறு! ஊரின் நடுவே டைக்ரிஸ் நதி அகலமாக ஓடும்போது கிணறு எதற்கு?

1991-ம் ஆண்டுப் போரில் மின் நிலையங்கள் மீது குண்டு விழுந்தது. மின்சாரம் போனதும் தண்ணீர் இறைக்கும் பம்புகள் நின்றன. நதி நீரைச் சுத்தம் செய்யும் நிலையங்களும் நின்றன. சாக்கடை நீரை வெளியேற்ற முடியாமல் அது நதியில் கலந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பலர் இறந்தும் போனார்கள். ஒரு சுவிட்ச் அணைந்தால் குழாயும் அணைந்துவிடும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டார்கள். அதனால்தான் இந்தக் கிணறு. கிணறு வெட்ட முடியாதவர்கள் டிரம், பக்கெட், ஜாடி என்று வீட்டில் இருக்கும் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தார்கள்.

முன்கூட்டியே வந்த ரேஷன்

நம் ஊரைப் போலவே அங்கேயும் ரேஷன் உண்டு. கோதுமை மாவு, அரிசி, சர்க்கரை, டீத்தூள், சமையல் எண்ணெய், பருப்பு, சோப்பு... மாதாமாதம் எல்லாக் குடும்பத்துக்கும் வரும்.

ஏன் தெரியுமா? 1990 ஆகஸ்டில் சதாம் உசேன் பக்கத்து நாடான குவைத்தைப் பிடித்துக்கொண்டார். அதனால் ஈராக்குடன் யாரும் வியாபாரம் செய்யக் கூடாது என்று ஐ.நா. தடை போட்டது. தவறு செய்தது அதிபர். வெறும் வயிற்றோடு படுத்ததோ பிள்ளைகள்! பிறகு, 'எண்ணெயை விற்று உணவு வாங்கிக்கொள்ளலாம்' என்று ஐ.நா. ஒரு திட்டத்தை 1996 டிசம்பரில் தொடங்கியது. அதன் பிறகு ரேஷனில் கொடுத்த உணவு பெரும்பாலும் அந்தத் திட்டத்தில் வாங்கியதுதான். நாட்டில் சுமார் 60 சதவீதம் பேர் இதை நம்பியே இருந்தார்கள்.

போர் நெருங்கியதும் பல மாதங்களுக்கான ரேஷனை ஒன்றாகவே கொடுத்துவிட்டார்கள். கட்டிலுக்கு அடியில் மாவு மூட்டை, மாடிப்படிக்குக் கீழே அரிசி மூட்டை!

கடைக்குப் போனால் இன்னொரு வேடிக்கை. ஒரு அமெரிக்க டாலருக்கு 2,000 தினாருக்கு மேல் கொடுக்க வேண்டும். கையில் இருப்பதோ பெரும்பாலும் 250 தினார் நோட்டு. சாமான் வாங்க நோட்டுக் கட்டுகளைப் பையில் தூக்கிக்கொண்டு போனார்கள்! பாட்டில் தண்ணீரை விட பெட்ரோல் விலை குறைவு. எண்ணெய் வளம் கொழிக்கும் அந்த நாட்டில், ஆசிரியருக்கு மாதச் சம்பளம் ஒரு சில டாலர்தான்.

பள்ளிக்கூடம் உண்டு!

'போர் வரப்போகிறதே, பள்ளிக்கூடத்துக்கு லீவுதானே?' என்று கேட்கிறீர்களா? அதுதான் இல்லை. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பல பள்ளிகளில் கட்டடம் போதாமல் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று ஷிப்ட் முறை. பெஞ்சு இல்லாத வகுப்பில் தரையில்தான் உட்கார வேண்டும்.

பிப்ரவரியில் யுனிசெஃப் உதவியுடன் வீடு வீடாகப் போய்ப் போலியோ சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று தெரியாது. ஆனாலும், அந்தக் குழந்தை பெரியவனாகி ஓடி விளையாட வேண்டும் என்று இரண்டு சொட்டு மருந்து! நினைத்தாலே மனம் நெகிழ்கிறது.

பதுங்க இடம் எங்கே?

குண்டு விழுந்தால் பதுங்குவதற்குத் தடிமனான சுவர் கொண்ட பாதுகாப்புக் கூடங்கள் பாக்தாத்தில் இருந்தன. ஆனாலும் 'வீட்டிலேயே இருந்துவிடுகிறோம்' என்றுதான் பல குடும்பங்கள் முடிவு செய்தன. அதற்கு ஒரு சோகமான காரணம் உண்டு. 1991 பிப்ரவரி 13 அன்று, பாக்தாத்தின் அமீரியா பகுதியில் இருந்த பாதுகாப்புக் கூடத்தின் மீது அமெரிக்க விமானக் குண்டுகள் விழுந்தன. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதை எப்படி மறப்பார்கள்?

ஒரு கிளாஸ் டீ

சுற்றிச் சுற்றிக் கால் வலிக்கிறதா? யாராவது ஒருவர் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிடுவார். நடுவில் இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி கிளாஸில் கறுப்பு டீ வரும். அந்தக் கிளாஸுக்கு 'இஸ்திகான்' என்று பெயர். அடியில் தாராளமாகச் சர்க்கரை இருக்கும். அது ரேஷனில் அளந்து கொடுத்த சர்க்கரை!

அங்கே போன அமெரிக்கர்களுக்கும் இதே டீதான். 'உங்கள் நாடுதானே எங்கள் மீது குண்டு போடப்போகிறது?' என்று விரட்டவில்லை. ஒரு நாட்டின் அரசாங்கம் வேறு, அந்த நாட்டு மனிதர்கள் வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த அன்புக்காகவே, அமைதிக் குழுவைச் சேர்ந்த கேத்தி கெல்லி என்ற அமெரிக்கப் பெண்மணியும் அவருடைய நண்பர்கள் சிலரும், குண்டு விழத் தொடங்கிய பிறகும் பாக்தாத்தை விட்டுப் போகவில்லை.

பிப்ரவரி 15 அன்று, லண்டன், ரோம் முதலான உலக நகரங்களில் லட்சக்கணக்கானவர்கள் 'போர் வேண்டாம்' என்று ஊர்வலம் போனார்கள். ஆனாலும் போர் நிற்கவில்லை. மார்ச் 18 அன்று ஐ.நா. ஆய்வாளர்கள் கிளம்பிவிட்டார்கள். மார்ச் 20, பொழுது விடியும் நேரம். பாக்தாத்தில் அபாயச் சங்கு ஒலித்தது.

புத்தகம் காத்த ஆலியா

ஈராக்கின் தெற்கே பாஸ்ரா என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அப்போது அங்கே மத்திய நூலகத்தின் தலைமை நூலகராக இருந்தவர் ஆலியா முகமது பாக்கர். போர் வருமுன்பே, 'புத்தகங்களைப் பத்திரமான இடத்துக்கு மாற்ற வேண்டும்' என்று ஆளுநரிடம் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. ஆலியா சும்மா இருக்கவில்லை. தினமும் வேலை முடிந்து போகும்போது, தன் காரில் ஒளித்து வைத்துப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

போர் பாஸ்ராவுக்குள் வந்ததும் அதிகாரிகள் ஓடிவிட்டார்கள். கொள்ளையர்கள் நூலகத்துக்குள் புகுந்து நாற்காலி, விளக்கு எல்லாவற்றையும் அள்ளினார்கள். ஆலியா பக்கத்து ஹோட்டல்காரரையும் கடைக்காரர்களையும் உதவிக்கு அழைத்தார். நூலகத்துக்கும் ஹோட்டலுக்கும் நடுவே உயரமான மதில். அதற்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி, புத்தகங்களை ஹோட்டலுக்குள் அடுக்கினார்கள். சுமந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள்! சில நாட்களில் நூலகம் தீப்பிடித்து எரிந்தது. ஆனால் அதற்குள் சுமார் 30,000 புத்தகங்கள் தப்பிவிட்டன. மொத்தத்தில் சுமார் 70 சதவீதம்!

பாக்தாத்தில் இருந்த தேசிய அருங்காட்சியக ஊழியர்களும் இப்படித்தான். போருக்கு முன்பே 8,000-க்கும் மேற்பட்ட பொருட்களை ரகசிய அறையில் மறைத்தார்கள். அந்த இடம் எது என்று மிகச் சிலருக்கு மட்டுமே தெரியும். ஏப்ரலில் கொள்ளையர்கள் புகுந்து சுமார் 15,000 பொருட்களைத் திருடினார்கள். மறைத்து வைத்தவை பத்திரமாக இருந்தன. உலகின் மிகப் பழமையான எழுத்துகள் பிறந்த மண்ணின் சொத்துகள் அல்லவா அவை!

2003 ஏப்ரல் 9 அன்று சதாம் ஆட்சி கவிழ்ந்தது. மே மாதம் பள்ளிக்கூடங்கள் மீண்டும் திறந்தன. பேரழிவு ஆயுதங்கள்? தேடித் தேடிப் பார்த்தும் அப்படி ஒரு குவியல் கிடைக்கவில்லை என்று அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக் குழுவே 2004-ல் அறிக்கை கொடுத்தது. ஆனால் சண்டை அதோடு முடியவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பொதுமக்கள் உயிரிழந்தார்கள். டேப் ஒட்டிய ஜன்னலும் தோட்டத்துக் கிணறும் எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை, நண்பர்களே.

அப்படியானால் அந்தக் கைகள் செய்த வேலை எல்லாம் வீணா? இல்லவே இல்லை! ஆலியாவின் நூலகம் 2004-ல் மீண்டும் எழுந்தது. தலைமை நூலகராக அவரே திரும்பி வந்தார். அன்று மதில் மேல் கைமாறிய புத்தகங்களை பாஸ்ராவின் பிள்ளைகள் மறுபடியும் படிக்க முடிந்தது.

டி.வி.யில் போர்ச் செய்தி வரும்போது விமானத்தையும் டாங்கியையும்தான் அதிகம் காட்டுவார்கள். பார்க்க சினிமா மாதிரி இருக்கும். அப்போது, அந்த விமானத்துக்குக் கீழே இருக்கும் ஒரு வீட்டையும் நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு அம்மா ஜன்னலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருப்பார். ஒரு அண்ணன் பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பான். உங்கள் வயதில் ஒரு தங்கை, நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குமா என்று தெரியாமலேயே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள்.