காலிக் குளம் மிதக்கும்

பிரான்சில் இலையுதிர் காலம் வந்ததும் வீட்டு நீச்சல் குளங்களை மூடத் தொடங்கிவிடுவார்கள். குழாய்களில் தேங்கிய நீரை ஊதி வெளியேற்றுவார்கள், மோட்டாரைக் கழற்றி வைப்பார்கள். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவடையும், பி.வி.சி. குழாய் அதற்குத் தாங்காது. புதுச்சேரியில் இந்தக் கவலையே இல்லை. மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஒயிட் டவுன் வீட்டு முற்றங்களிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத் தோட்ட வீடுகளிலும் உள்ள குளங்களுக்கு ஆபத்து மழையில் இருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி மக்களை மீட்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட மழைக்கு முன் குளம் வைத்திருப்பவருக்கு இயல்பாகத் தோன்றும் யோசனை, “எதற்கு வம்பு, தண்ணீரை முழுக்க இறைத்துவிடலாம்” என்பதுதான். அதைவிட மோசமான யோசனை வேறில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளம் 48 டன் தண்ணீர் கொள்ளும். தரையும் சுவர்களும் 15 சென்டிமீட்டர் கனம் என்றால் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 25 டன். கடலோர மணல் நிலத்தில் அடைமழை பெய்தால் நிலத்தடி நீர் மளமளவென்று ஏறும். அது குளத்தின் அடித்தளத்துக்கு மேல் ஒரு மீட்டர் ஏறினாலே, கீழிருந்து 32 டன் விசை மேல்நோக்கித் தள்ளும். குளம் நிறைந்திருந்தால் உள்ளே உள்ள தண்ணீர் அந்த விசையை அமுக்கிவிடும். காலியாக இருந்தால்? ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி, அது ஒரு கான்கிரீட் படகு. தரை விரிசல் விடும், ஓரம் தூக்கும், குழாய் இணைப்புகள் அறுபடும். ஃபைபர் குளங்களின் எடை இதில் சிறு பங்குதான் என்பதால் அவை இன்னும் சீக்கிரம் கிளம்பிவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் நீர்மட்டத்தை அரையடி குறைக்கலாம். வழிந்தோடும் வாய்க்காலைச் சுத்தம் செய்வது அதைவிட முக்கியம்.

நிறைந்த குளத்திலும் வேலை இருக்கிறது. 46 சென்டிமீட்டர் மழை அந்தக் குளத்தில் நேரடியாகவே சுமார் 15,000 லிட்டர் சேர்க்கும். மாடித் தண்ணீரும் முற்றத்தில் இறங்கினால் கணக்கு எகிறும். வழிந்தோடும் நீரோடு குளோரினும், அதை வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் அமிலமும் கால் பங்குக்கு மேல் போய்விடும். காரத்தன்மையும் நீர்த்துப்போவதால் பி.எச். அளவு ஒரு நிலையில் நிற்காது. அது 7.5-க்கு மேல் போகப்போக, கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கும். பாதாம் மர இலையும் தென்னம்பூவும் விழுந்து கிடக்க, மின்சாரமும் இல்லாமல் பம்ப் ஓடாவிட்டால், சில நாளில் குளம் பச்சை.

பச்சைக் குளத்தைக் கொசு தேடி வரும். குளத்தை மூடிவைக்கச் சொல்லும் மேலைநாட்டு அறிவுரையும் இங்கே கைவிடுகிறது. குளத்தின் மேல் தார்ப்பாய் விரித்தால், பாய் நடுவே தொய்ந்து மழைநீர் தேங்கும். கீழே உள்ள நீரிலாவது குளோரின் இருக்கிறது. பாயின் மேல் தேங்குவது சுத்தமான நீர். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான பரப்பில் அது இடும் முட்டைகள் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அடுத்த மழையில் நீர் தொட்டதும் பொரியும். சுமார் பத்து நாளில் கொசு பறந்துவிடும். பாய்க்குப் பதில் வலை போட்டால் இலை தங்கும், தண்ணீர் இறங்கிவிடும்.

கொசு விஷயத்தில் ஊரிலேயே ஒரு பெரிய இடம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் 1975-இல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் (விசிஆர்சி) இந்திரா நகரில்தான் உள்ளது. எண்பதுகளில் யானைக்கால் நோய்க்கொசுவைப் புதுச்சேரித் தெருக்களில் கட்டுப்படுத்திக் காட்டிய நிறுவனம் அது. கொசுப் புழுவின் குடலுக்குள் போனதும் நஞ்சாக மாறும் புரதத்தைக் கொண்ட பி.டி.ஐ. என்ற பாக்டீரியாவில் விசிஆர்சி பி17 என்ற சொந்த வகையும் அதற்கு உண்டு. மனிதருக்கோ மீனுக்கோ அதனால் கெடுதல் இல்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டுக் குளங்களுக்கும் தோட்டத் தொட்டிகளுக்கும் இது பொருந்தும். பயன்படுத்தும் குளத்துக்குக் குளோரினே போதும்.

அந்தக் குளோரினையும் மழைக்காலத்தில் மரியாதையோடு நடத்த வேண்டும். குளோரின் மாத்திரையும் பிளீச்சிங் பவுடரும் இரண்டுமே குளோரின்தானே என்று ஒரே வாளியில் கொட்டுபவர்கள் உண்டு. ஈரம் பட்டால் அந்தக் கலவை தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். ஆசிட் பட்டால் பிளீச்சிங் பவுடர் நச்சுவாயுவைக் கக்கும். தனித்தனி டப்பா, காய்ந்த அலமாரி. பள்ளத்தில் இருக்கும் பம்ப் அறையில் வெள்ளம் புகுந்திருந்தால், மெயின் சுவிட்சை அணைக்காமல் உள்ளே கால் வைக்கவே கூடாது. மோட்டாரை எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகு ஓட்டலாம்.

டைல்ஸ் பெயர்ந்திருக்கிறது, பூச்சு உதிர்கிறது, குளத்தைக் காலி செய்தே ஆக வேண்டும் என்றால் சித்திரைவரை பொறுப்பது நல்லது. மழை விட்டதும் நிலத்தடி நீர் உடனே இறங்கிவிடாது. கொல்லைக் கிணற்றில் நீர்மட்டம் குளத்தின் அடித்தளத்துக்குக் கீழே போன பிறகுதான் பம்பைப் போடலாம்.