கோடல்ல, பரப்பு: புயல் கணிப்பை எப்படி வாசிப்பது?

வடகிழக்குப் பருவமழைக் காலம் வந்துவிட்டால், வங்கக் கடலில் உருவாகும் ஒவ்வொரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியும் தமிழகத்தின் பேசுபொருளாகிவிடுகிறது. முன்பு வானொலிச் செய்திக்குக் காத்திருந்த எங்கள் அறந்தாங்கி வட்டார விவசாயிகள், இன்று கைபேசியில் தன்னார்வ வானிலை ஆர்வலர்களின் கணிப்பைக் கேட்டுவிட்டே உரமிடுவதா, ஒரு நாள் பொறுப்பதா என்று முடிவெடுக்கிறார்கள். 2015 டிசம்பர் சென்னைப் பெருவெள்ளத்தின்போது 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் போன்றோர் பரவலாக அறியப்பட்டனர். அதன் பின்னர் மாவட்டந்தோறும் இத்தகைய ஆர்வலர்கள் உருவாகியிருக்கிறார்கள்.

இவர்களின் கணிப்பு சோதிடமன்று. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் கணினி மாதிரி நாளொன்றுக்கு நான்கு முறை புதிய கணிப்பைத் தருகிறது. அதை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஐரோப்பிய மையத்தின் மாதிரி, தொடக்க நிலையைச் சிறிதளவு மாற்றி மாற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை கணக்கிடுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே திசையைக் காட்டினால் நம்பிக்கை கூடும். விசிறிபோல் விரிந்தால் இன்னும் எதுவும் உறுதியாகவில்லை என்று பொருள். இவற்றோடு செயற்கைக்கோள் படத்தையும் காரைக்கால், சென்னை ரேடார் பதிவுகளையும் ஒப்பிட்டு, 'எங்கள் ஊருக்கு என்ன?' என்ற கேள்விக்கு எளிய தமிழில் விடை சொல்வதே ஆர்வலர்களின் பலம்.

ஆனால், கடலோரப் புயலைக் கணிப்பது உலகெங்கும் கடினமான வேலை. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் குளிர்காலப் புயல் நெருங்கும்போது, எந்த ஊரில் எவ்வளவு பனி விழும் என்று அங்குள்ள ஆர்வலர்கள் இதே பரபரப்புடன் கணிக்கிறார்கள். 2015 ஜனவரியில் நியூயார்க் நகரில் இரண்டடிக்கும் மேல் பனி கொட்டக்கூடும் என எச்சரிக்கப்பட்டது. சுரங்க ரயில்கூட நிறுத்தப்பட்டது. புயல் சற்றே கிழக்கே விலகியதால், சென்ட்ரல் பூங்காவில் பதிவானது சுமார் 25 செ.மீ. மட்டுமே. புயல் பொய்க்கவில்லை, நகருக்குக் கிழக்கேயுள்ள பகுதிகளில் பனி கொட்டித் தீர்த்தது. பாதையில் நேரும் சிறு விலகல், ஓர் ஊரின் விதியை முற்றிலும் மாற்றிவிடுகிறது.

நமக்கு அந்தப் பாடத்தை கஜா கற்பித்தது. 2018 நவம்பரில் உருவான அந்தப் புயல், வட தமிழகம் - தெற்கு ஆந்திரக் கரையை நோக்கி வரும் என்றே முதலில் கருதப்பட்டது. பின்னர் அதன் பாதை தென்மேற்காகத் திரும்ப, கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரை கடக்கும் என்று அறிவிப்பு மாறியது. நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே மணிக்கு 120 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் அது கரை கடந்தது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையால் பல்லாயிரக்கணக்கானோர் முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். பல உயிர்கள் காக்கப்பட்டன.

எனினும், கரை கடப்பதோடு புயல் முடிந்துவிடுவதில்லை. வேதாரண்யத்திலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 90 கி.மீ. தொலைவிலுள்ள அறந்தாங்கிப் பகுதியிலும், அதற்கு வடக்கே கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரங்களிலும் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. தென்னை மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். வரைபடத்தில் நாம் பார்க்கும் கோடு, புயலின் மையம் செல்லும் பாதை மட்டுமே. காற்றும் மழையும் அந்தக் கோட்டின் இருபுறமும் பரந்து கிடக்கின்றன. 'எங்கள் ஊர் மேல் கோடு போகவில்லை' என்று எண்ணுவது ஆபத்தானது.

புயலே இல்லாமலும் பேரிடர் நேரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். அதற்குக் காரணம் பெயர் சூட்டப்பட்ட புயலன்று. குமரிக்கடலை ஒட்டிய வளிமண்டலச் சுழற்சி. பெயர் வைத்த புயலுக்கு மட்டுமே அஞ்சும் பழக்கம் இங்கே உதவாது.

எனவே, கணிப்பை வாசிக்கவும் ஒரு பயிற்சி தேவை. பத்து நாள்களுக்கு அப்பால் ஒரே மாதிரியின் ஒரே கணிப்பில் தெரியும் பெரும்புயலைப் பகிர்வது எச்சரிக்கை ஆகாது. ஐந்து நாள் இருக்கையில் பார்க்க வேண்டியது திசை. மூன்று நாள் இருக்கையில் பரப்பு. கடைசி நாளில்தான் ஊர். நல்ல ஆர்வலர், நிகழக்கூடியதைச் சொல்லும்போதே அது நிகழாமல் போவதற்கான வாய்ப்பையும் சொல்கிறார். பார்வையாளர் எண்ணிக்கைக்காக அச்சமூட்டுபவர் அதைச் சொல்வதில்லை. இரண்டு முறை ஏமாந்தவர், மூன்றாம் முறை மெய்யான எச்சரிக்கை வரும்போது வீட்டைவிட்டு நகர மாட்டார். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அந்த நாள் கூலி போய்விடும். அவர்களிடம் பொய் அச்சத்தை விற்பது வயிற்றில் அடிப்பதாகும்.

அரசுக்கும் கடமை உண்டு. ஆர்வலர்களைப் போட்டியாளர்களாகக் கருதாமல், பதிவுகளை விரைந்து பொதுவெளியில் வைக்க வேண்டும். 'ஓரிரு இடங்களில் கனமழை' என்ற வாசகத்தோடு நிறுத்தாமல், ஏன், எங்கே, எவ்வளவு உறுதியாக என்பதையும் தமிழில் விளக்க வேண்டும். 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 6 கி.மீ. நுட்பத்தில் கணிக்கிறது. அந்த நுட்பம் கல்லணைக் கால்வாயின் கடைமடை விவசாயி வரை வந்து சேர்ந்தால்தான் பயன்.

வெளியேறு, கடலுக்குப் போகாதே என்று சொல்லும் அதிகாரமும் பொறுப்பும் அரசு அமைப்புகளிடமே இருக்க வேண்டும். அந்த எச்சரிக்கையின் பொருளை ஊர்மொழியில் எடுத்துச் சொல்லும் பணியை ஆர்வலர்கள் செய்யட்டும். இரு தரப்பும் இணைந்து நின்றால், அடுத்த கஜாவின்போது மரங்கள் சாய்ந்தாலும் மனிதர்களைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.