பால்மரத்தின் பூர்வீகம் – பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்!

தோழர்களே! சிங்கப்பூருக்குப் போனால் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். பிள்ளைகளோடு போகும்போது இன்னோர் இடமும் காட்டுங்கள். லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் பூமலை. உள்ளே போகக் காசு வேண்டாம்.

அங்கே சுமார் 15 ஏக்கர் மழைக்காடு நிற்கிறது. 1859இல் பூமலைத் தோட்டம் உண்டாகும் முன்பே இருந்த காடு. நம் தோட்டத்தில் நிரை நிரையாக ஒரே மரம். காட்டில் அப்படியா? நெட்டை மரம், அதன் நிழலில் குட்டை மரம், மேலேறும் கொடி. உடும்பும் காட்டுக்கோழியும் நடமாடும், தீனி போடக்கூடாது. யாரும் உரம் போடாமல் காடு எப்படித் தழைக்கிறது என்று பிள்ளையையே கேளுங்கள். உதிர்ந்த இலையைக் கரையானும் காளானும் மண்ணாக்குவதைக் காட்டுங்கள்.

நம் பால்மரமும் காட்டுப் பிள்ளைதான். அமேசான் காட்டு விதையில் முளைத்த 22 கன்றுகள், 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்தன. மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை, 1890களில் ரிட்லி துரை கண்டது இந்தப் பூமலையில்தான்.

துரை பேர் புத்தகத்தில் இருக்கு. இருட்டோடு எழுந்து பால் வெட்டின நம்ம பாட்டி, பாட்டன் பேர் எதில் இருக்கு? அதை நாமதான் சொல்லணும். "எனக்குப் படிப்பு இல்லையே"ன்னு பின்வாங்காதீங்க. பட்டையைத் தொட்டே மரத்தின் நோவைச் சொல்கிற கை உங்களுடையது. ரப்பர் காய் ஏன் படீரென்று வெடிக்கிறது? தாய்மரத்தை விட்டு விதை தூரமாய் விழத்தான். இதைச் சொல்லிக்கொடுக்க உங்களைவிட நல்ல வாத்தியார் யார்?